இயற்பியலில் 200க்கு 200: புரிதலை அளந்தது யார்?

வெள்ளாற்றின் வடகரையில் இருக்கிறது திட்டக்குடி. ஆற்றுக்குத் தெற்கே, அரியலூர் மாவட்டம் செந்துறை வட்டத்தில் இருக்கிறது குழுமூர். அவ்வூரின் தலித் மாணவி அனிதா, சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், 2017ஆம் ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றார். கணிதம் 200, இயற்பியல் 200, வேதியியல் 199, உயிரியல் 194. பழைய முறைப்படி மருத்துவப் படிப்புக்கான அவருடைய தகுதி மதிப்பெண் 200க்கு 196.75. அதே ஆண்டு நீட் தேர்வில் அவர் பெற்றது 720க்கு 86. தமிழ்நாட்டுக்கு ஓராண்டு விலக்கு கோரி உச்ச நீதிமன்றம் வரை சென்றார். ஆகஸ்ட் 22 அன்று நீட் மதிப்பெண் அடிப்படையிலேயே சேர்க்கை நடத்த வேண்டுமென்று நீதிமன்றம் ஆணையிட்டது. செப்டம்பர் 1 அன்று அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து இரண்டு தரப்புகள் இந்த இரண்டு எண்களை வைத்து வழக்காடி வருகின்றன. 1176 என்பதே அவருடைய தகுதி, 86 என்பது அநீதியின் அளவு என்கிறது ஒரு தரப்பு. 200க்கு 200 என்பது மனப்பாடம், 86தான் உண்மை என்கிறது மற்றொன்று. நாம் நிற்பது முதல் தரப்பில். நீட் ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இரு தரப்பும் கேட்காமல் கடந்துசென்ற ஒரு கேள்வி உண்டு. அனிதாவுக்கு இயற்பியல் எவ்வளவு புரிந்திருந்தது என்பதை இந்த இரண்டு எண்களில் ஏதேனும் ஒன்று அளந்ததா?

அளக்கவில்லை என்பதே நேர்மையான விடை. புரிதலை அளக்கவென்றே உருவாக்கப்பட்ட சோதனைகள் உலகில் நாற்பது ஆண்டுகளாக இருக்கின்றன. வியப்பு என்னவெனில், அவையும் நான்கைந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கொள்குறி வகைச் சோதனைகளே. எனவே கொள்குறி வினா என்ற வடிவத்தைப் பழித்துவிட்டு நாம் விலகிவிட முடியாது. கேள்வி எதைக் கேட்கிறது, கிடைக்கும் எண்ணுக்கு யார் பொறுப்பேற்கிறார்கள் என்ற இரண்டையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

செங்கல் கேள்வி

திட்டக்குடிப் பகுதியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சிலரோடு ஒரு மாலையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். அவர்களுள் பலருடைய பெற்றோர் கட்டட வேலைக்குச் செல்பவர்கள். அவர்களிடம் நாம் வைத்த கேள்வி இது.

தரையில் நிற்கும் சித்தாள் ஒரு செங்கலை நேர் மேலே, சாரத்தில் நிற்கும் கொத்தனாரை நோக்கி எறிகிறார். செங்கல் கையை விட்டுப் பிரிந்து மேலே சென்றுகொண்டிருக்கிறது. காற்றின் தடையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். இப்போது செங்கல்லின் மீது செயல்படும் விசைகள் யாவை?

அ) எறிந்த கை கொடுத்த மேல்நோக்கிய விசை, சிறிது சிறிதாகக் குறைகிறது, அதோடு கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை.
ஆ) கீழ்நோக்கிய புவியீர்ப்பு விசை மட்டும்.
இ) உச்சிக்குச் செல்லும் வரை மேல்நோக்கிய விசை மட்டும், அதன்பின் புவியீர்ப்பு.
ஈ) மேலே செல்லும்போது எவ்விசையும் இல்லை, உந்தம் மட்டுமே.

பெரும்பாலோர் ‘அ’ என்றனர். ஒளிப்பானேன், சட்டம் படித்த நாமும் முதலில் ‘அ’ என்றுதான் நினைத்தோம். ஒரு மாணவி மட்டும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “கைய விட்டுப் போனப்புறம் அந்தக் கல்லத் தள்ளறது யாருண்ணா?” என்று கேட்டார். யாருமில்லை. எனவே ‘ஆ’ மட்டுமே சரி. செங்கல் மேலே செல்வதற்கு மேல்நோக்கிய விசை ஏதும் தேவையில்லை. கையை விட்டுப் பிரிந்தபோது இருந்த திசைவேகத்தோடு அது செல்கிறது. அந்தத் திசைவேகத்தைப் புவியீர்ப்பு நொடிக்கு நொடி குறைத்துக்கொண்டே வருகிறது. நியூட்டனின் முதல் இரண்டு விதிகளும் இந்த ஒரு செங்கல்லில் அடங்கிவிடுகின்றன.

இப்போது இதே செங்கல்லைப் பற்றித் தேர்வுகளில் கேட்கப்படும் பாணியில் ஒரு கேள்வி: வினாடிக்கு 20 மீட்டர் திசைவேகத்தில் மேல்நோக்கி எறியப்பட்ட பொருள் எவ்வளவு உயரம் செல்லும்? புவியீர்ப்பு முடுக்கத்தை 10 எனக் கொள்க. திசைவேகத்தின் இருமடியை முடுக்கத்தின் இருமடங்கால் வகுத்தால் 400ஐ 20ஆல் வகுக்க வேண்டும். விடை 20 மீட்டர். சூத்திரம் தெரிந்தவர் பத்து வினாடியில் முடிப்பார். முதல் கேள்விக்கு ‘அ’ என்று சொன்ன பிள்ளைகளுள் சிலர் இக்கேள்விக்குத் தயங்காமல் சரியான விடை சொன்னார்கள். சூத்திரம் தெரிவதும் கருத்து புரிவதும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

தவறான விடைகளில் இருந்து பிறந்த சோதனை

இந்த வேறுபாட்டை முறையாக அளந்து காட்டியவர்கள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர்கள். 1985இல் இப்ராகிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டினஸ் ஆகியோர் இயக்கவியல் பற்றிய ஒரு கண்டறி சோதனையை வெளியிட்டனர். அதன் தொடர்ச்சியாக 1992இல் ஹெஸ்டினஸ், மால்கம் வெல்ஸ், கிரெக் ஸ்வாக்ஹேமர் ஆகியோர் ‘ஃபோர்ஸ் கான்செப்ட் இன்வென்டரி’ என்ற சோதனையை வெளியிட்டனர். விசை பற்றிய கருத்துகளின் இருப்புப் பட்டியல் என்று அதைத் தமிழில் விளக்கலாம். இக்கட்டுரையில் விசைக் கருத்துச் சோதனை என்று குறிப்பிடுவோம். 1995இல் திருத்தப்பட்ட வடிவத்தில் அதில் 30 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். கணக்கு கிடையாது, சூத்திரம் கிடையாது. நாம் மேலே வைத்த செங்கல் கேள்வி அச்சோதனையில் உள்ளதன்று. ஆனால் அதன் குணம் அதுவே.

அச்சோதனையின் சிறப்பு அதன் தவறான விடைகளில் இருக்கிறது. பொதுவாகத் தேர்வுத்தாள் தயாரிப்பவர், சரியான விடையை எழுதிவிட்டு, மாணவரை ஏமாற்ற மூன்று விடைகளைத் தாமே கற்பனை செய்வார். இங்கோ, முன்னோடிச் சோதனையில் மாணவர்களை முதலில் தங்கள் சொற்களில் விடை எழுதச் செய்தார்கள். அவர்கள் மிகுதியாகச் சொன்ன தவறான கருத்துகளே பின்னர் தெரிவுகளாக வைக்கப்பட்டன. ஆகவே ஒரு மாணவர் ‘அ’ என்று குறித்தால், அவருக்கு இது தெரியாது என்பதோடு, அவர் உலகை எவ்வாறு எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பதும் தெரியவருகிறது. இயங்கும் பொருளுக்குள் ஒரு தள்ளுவிசை தங்கியிருந்து மெல்லத் தீர்ந்துபோகிறது என்ற எண்ணம் இக்காலப் பிள்ளைகளின் சோம்பலால் வந்ததன்று. நியூட்டனுக்கு முன்னர் ஐரோப்பிய அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் அப்படியே நம்பினர். வண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுவதைத் தினமும் பார்க்கும் எவருக்கும் அவ்வெண்ணம் தோன்றும். அதை மாற்றுவதுதான் ஆசிரியரின் வேலை. மாற்ற வேண்டுமெனில் அது அங்கே இருப்பது முதலில் ஆசிரியருக்குத் தெரிய வேண்டும்.

இதன் வீச்சை உலகம் உணர்ந்தது ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில். எரிக் மாசுர் என்ற இயற்பியல் பேராசிரியர், தம் மாணவர்கள் கடினமான கணக்குகளைப் போடுவதைக் கண்டு தம்மை நல்லாசிரியர் என்றே எண்ணியிருந்தார். அரிசோனாக்காரர்களின் கட்டுரையைப் படித்ததும், நம் மாணவர்களிடம் இப்படி நடக்காது என்ற நம்பிக்கையோடு அதே கேள்விகளைக் கொடுத்தார். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி எழுதட்டுமா, நான் உண்மையில் நினைப்பதை எழுதட்டுமா என்று ஒரு மாணவர் கேட்டதாக அவர் பதிவு செய்திருக்கிறார். முடிவுகள் அவருடைய நம்பிக்கையை உடைத்தன. அதன்பின் அவர் தம் பாடம் நடத்தும் முறையையே மாற்றிக்கொண்டார். வகுப்பின் நடுவே ஒரு கருத்துக் கேள்வி, தனித்தனியே விடை, பின்னர் அருகில் இருப்பவரோடு வாதம், மறுபடியும் விடை என்ற அவருடைய முறை 1997இல் நூலாகவும் வந்தது.

உலகின் மிகச் செல்வாக்கான பல்கலைக்கழகம் ஒன்றின் மாணவர்களே செங்கல் கேள்வி போன்றவற்றில் தடுமாறினார்கள். சேரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் ஏறாது என்று வகுப்பறையிலேயே சொல்லும் துணிச்சல் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அவர்கள் முதலில் அறிய வேண்டிய செய்தி இது.

எண் யாருடையது?

1998இல் ரிச்சர்டு ஹேக் என்பவர் 62 பாடவகுப்புகளில் பயின்ற 6,542 மாணவர்களின் தரவுகளை ஒன்றுதிரட்டி வெளியிட்டார். அவர் கையாண்ட கணக்கு எளியது; ஆனால் நமக்கு மிக முதன்மையானது. ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை அதே சோதனை. ஒரு வகுப்பு 30 விழுக்காட்டில் தொடங்கி 51இல் முடிகிறது என்று கொள்வோம். அது இன்னும் ஏறியிருக்கக்கூடிய தொலைவு 70, ஏறியது 21. ஈட்டம் 0.3. இன்னொரு வகுப்பு 20இல் தொடங்கி 44இல் முடிகிறது. ஏறியிருக்கக்கூடிய தொலைவு 80, ஏறியது 24. அதன் ஈட்டமும் 0.3. முடிவு மதிப்பெண்ணை மட்டும் பார்த்தால் முதல் வகுப்பே மேலானது. கற்பித்தலைப் பார்த்தால் இரண்டும் சமம்.

ஹேக் கண்டது இதுதான். ஆசிரியர் பேச மாணவர் எழுதிக்கொள்ளும் மரபான வகுப்புகளின் சராசரி ஈட்டம் 0.23. மாணவர்கள் வாதிட்டும் செய்துபார்த்தும் கற்ற வகுப்புகளின் சராசரி 0.48. ஏறத்தாழ இருமடங்கு. மாணவர் எந்த நிலையில் வந்தார் என்பதற்கு மேல், வகுப்பறையில் என்ன நடந்தது என்பதே அவ்வேறுபாட்டை விளக்கியது.

இங்கே எண்ணின் உரிமையாளர் மாறிவிடுகிறார். இச்சோதனை உரிய முறையில் நடத்தப்படும்போது அது மாணவருக்கு மதிப்பெண் வழங்குவதில்லை. யாரையும் தேர்ச்சி பெறச் செய்வதுமில்லை, தோல்வியுறச் செய்வதுமில்லை. குறைந்த எண் வந்தால் விளக்கம் சொல்ல வேண்டியவர் கற்பித்தவர், கற்பித்தலுக்கு வசதி செய்து தந்திருக்க வேண்டிய அரசு. நீட்டில் நடப்பது இதன் நேர் மறுதலை. ஆய்வுக்கூடம் பூட்டிக் கிடந்திருக்கலாம். இயற்பியல் ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்திருக்கலாம். அத்தனை குறைகளும் கூடி இறுதியில் ஒரு பெண்பிள்ளையின் பெயருக்கு எதிரே 86 என்று பதிவாகின்றன. தகுதி இல்லை என்ற தீர்ப்பு அவள் மேல் எழுதப்படுகிறது.

பயிற்சி மையம் விற்பது என்ன?

2017 நீட் தேர்வைப் போலவே 2025 தேர்விலும் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். அவற்றுள் இயற்பியல் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறுக்கு 1 கழிக்கப்படும். ஒரு நிமிடத்தில் ஒரு கேள்வி என்னும்போது, நம் மாணவி போல நெடுநேரம் பேசாமல் இருந்து யோசிப்பவருக்கு அங்கே இடமில்லை.

ஊகத்தின் கணக்கையும் பாருங்கள். ஒன்றும் அறியாமல் கண்ணை மூடிக்கொண்டு நான்கில் ஒன்றைக் குறிப்பவருக்கு, நான்கு கேள்விகளில் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறாகும். 4 கூட்டல், 3 கழித்தல். நான்கு கேள்விக்கு ஒரு மதிப்பெண் இலாபம். தவறான விடை ஒன்றை மட்டும் நீக்கிவிட்டு மீதி மூன்றில் ஊகித்தால், மூன்று கேள்விக்கு 2 மதிப்பெண் இலாபம். பயிற்சி மையத்தில் படித்த பிள்ளைக்கு இது பழக்கப்பட்ட பாடம். கழித்தல் உண்டு, தெரியாததைத் தொடாதே என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளை விடைத்தாளில் வெற்றிடம் விட்டு வருகிறது. இதில் இயற்பியல் எங்கே இருக்கிறது?

இன்னும் ஒன்று உண்டு. கணக்குகளைப் போட்டுப் போட்டே புரிதல் வந்துவிடும் என்பது பயிற்சித் தொழிலின் அடிப்படை நம்பிக்கை. கொரியாவின் யூன்சுக் கிம், சுங்-ஜே பாக் ஆகியோர் 2002இல் வெளியிட்ட ஆய்வு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபான கணக்குகளைப் போட்டுக் கல்லூரிக்கு வந்த மாணவர்களும் விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளில் தடுமாறியதைக் காட்டியது. எத்தனை கணக்குப் போட்டார்கள் என்பதற்கும் எவ்வளவு புரிந்திருந்தது என்பதற்கும் பெரிய தொடர்பு தென்படவில்லை. ஆயினும் தேர்வு கேட்பது வேகத்தை. எனவே வேகம் விலைக்கு விற்கப்படுகிறது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021இல் அளித்த அறிக்கையின்படி, மீண்டும் தேர்வெழுதுவோரின் பங்கு 2016-17இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21இல் 71.42 விழுக்காடாக உயர்ந்தது. ஓராண்டோ ஈராண்டோ வீட்டில் இருந்து படிக்கக் கூலித் தொழிலாளியின் குடும்பத்தால் இயலுமா?

நேர்மையாகப் பேசினால், இதே அளவுகோலை நம் பொதுத்தேர்வின் மீதும் வைக்க வேண்டும். இயக்கவியல் பதினொன்றாம் வகுப்புப் பாடம். அனிதா படித்த காலத்தில் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கிடையாது. 1200 என்பது பன்னிரண்டாம் வகுப்பை மட்டும் அளந்தது. தனியார் பள்ளிகள் பல பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தாண்டிச் சென்று, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தன. அதைத் தடுக்கவே 2017-18இல் பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2018-19இல் புதிய பாடநூல்கள் வரத் தொடங்கின. 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கை அப்பொதுத்தேர்வை நீக்கிவிட்டது. பிள்ளைகளின் சுமை குறைவது நல்லதே. ஆனால் பதினொன்றாம் வகுப்பில் இயக்கவியல் நடத்தப்பட்டதா, புரிந்ததா என்பதை அறிய இப்போது நம்மிடம் என்ன இருக்கிறது? அந்த வெற்றிடத்தில்தான் கருத்துச் சோதனை வந்து அமர வேண்டும் என்கிறோம்.

அரசைச் சோதிக்கும் தேர்வும் பிள்ளையைச் சோதிக்கும் தேர்வும்

பிள்ளைகளைத் தரம் பிரிக்காமல் கல்வி அமைப்பையே அளக்கும் சோதனைகளை நம் அரசுகள் எவ்வாறு நடத்தின என்பதற்கு ஒரு முன்கதை உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனத்தின் ‘பிசா’ சோதனையில் தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவுகள் வந்தபோது 74 நாடுகள், பகுதிகளின் பட்டியலில் இரண்டும் கடைசி வரிசையில் இருந்தன. கேள்விகள் இந்தியச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் கூறி, அடுத்து வந்த 2012, 2015 சுற்றுகளில் இந்தியா கலந்துகொள்ளவில்லை.

சூழல் பொருந்தவில்லை என்ற வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அதே வாதத்தைக் கிராமத்துப் பிள்ளைகள் நீட் தேர்வைப் பற்றிச் சொன்னபோது, தகுதி என்றால் தகுதிதான் என்றார்கள். அரசைக் கூண்டில் ஏற்றும் தேர்விலிருந்து அரசு விலகிக்கொள்ளலாம். பிள்ளையைக் கூண்டில் ஏற்றும் தேர்விலிருந்து பிள்ளை விலக முடியாது. விலக்குக் கோரித் தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றிய சட்டமுன்வடிவை ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மீண்டும் நிறைவேற்றப்பட்டது. ஒப்புதல் மறுக்கப்பட்டுவிட்டது என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு ஒன்றே நடைமுறையில் கிடைத்த ஆறுதல்.

மொழியும் சூழலும்

கருத்துச் சோதனைகளையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லவில்லை. மூன்று எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, சூழல். விசைக் கருத்துச் சோதனையின் கேள்விகளில் பீரங்கிக் குண்டும் பனித்தள ஹாக்கியும் ராக்கெட்டும் வருகின்றன. அச்சோதனையில் ஆண்களின் சராசரி பெண்களின் சராசரியைவிடக் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டன. சில கேள்விகள் பெண்களுக்குப் பாதகமாக அமைந்திருப்பதையும் பின்வந்த ஆய்வுகள் சுட்டின. பனித்தளத்தைக் கண்டிராத திட்டக்குடிப் பிள்ளைக்கு அக்கேள்வி உராய்வு பற்றியதாக இருக்குமா, பனித்தளம் பற்றியதாக இருக்குமா?

இரண்டாவது, மொழி. 2018 நீட் தேர்வின் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் பிழை இருந்தது என்று வழக்குத் தொடரப்பட்டது. கேள்விக்கு 4 வீதம் 196 மதிப்பெண் வழங்க மதுரைக் கிளை ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் முதலில் அதற்குத் தடை விதித்து, பின்னர் அதே ஆண்டு நவம்பரில் ஆணையையே நீக்கியது. பிழையான சொல்லில் கேட்கப்பட்ட கேள்வி இயற்பியலை அளக்காது என்பது சட்டத்துக்கு வெளியே எல்லோருக்கும் விளங்கும். மொழிபெயர்ப்பு சரியாக இருந்தாலும் சிக்கல் தீராது. பேச்சில் பலம், சக்தி, வேகம் என்று கலந்து புழங்கும் சொற்கள் பாடநூலில் விசை, ஆற்றல், திறன், உந்தம், திசைவேகம் என்று தனித்தனியே பிரிகின்றன. எடையும் நிறையும் சந்தையில் ஒன்றே. தமிழில் சிந்திக்கும் பிள்ளையின் தவறான கருத்துகள் எவை என்பதைத் தமிழில் எழுதவைத்துத்தான் கண்டறிய முடியும். எனவே அமெரிக்கச் சோதனையைப் பெயர்த்தெழுதுவது போதாது. அரிசோனாவில் செய்ததையே இங்கே முதலிலிருந்து செய்ய வேண்டும். மும்பையின் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில் மசூத், விஜய் சிங் ஆகியோர் சுழல் இயக்கத்துக்கான ஒரு கருத்துச் சோதனையைத் தாங்களே உருவாக்கி 2012இல் வெளியிட்டார்கள். இந்நாட்டில் இது நடவாத செயலன்று.

மூன்றாவது, எண்ணின் எல்லை. லீ பாவோ குழுவினர் 2009இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், விசைக் கருத்துச் சோதனையில் சீன மாணவர்கள் சராசரியாக ஏறத்தாழ 86 விழுக்காடு பெற்றனர். அமெரிக்க மாணவர்கள் 49. ஆனால் அறிவியல் முறையில் காரணம் தேடும் ஆற்றலை அளந்த மற்றொரு சோதனையில் இரு நாட்டவரும் ஏறத்தாழச் சமமாக நின்றனர். ஒரு சோதனை ஒன்றைத்தான் அளக்கும். அதை வைத்து ஆளை அளக்கக் கூடாது. கருத்துச் சோதனையையும் சேர்க்கைக்கான வாயிற்காவலனாக ஆக்கினால், மறு ஆண்டே அதற்கும் பயிற்சி மையம் திறக்கப்படும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 29(2)இல், மதிப்பீடு என்பது குழந்தையின் அறிவுப் புரிதலையும் அதைப் பயன்படுத்தும் ஆற்றலையும் தொடர்ந்து முழுமையாக மதிப்பிடுவதாக இருக்க வேண்டும் என்கிறது. இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில் உள்ளது. அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் புரிதல் என்ற சொல்லைச் சட்டமே ஏற்றுக்கொண்ட பின், பதினொன்றாம் வகுப்பில் அது தேவையில்லை என்று எந்த அரசும் வாதிட முடியாது. பட்டியலின மக்களின் கல்வி நலனைத் தனி அக்கறையோடு பேண அரசமைப்பின் 46ஆம் கூறு வழிகாட்டுகிறது. 2022 ஜனவரியில் நீல் ஆரேலியோ நூன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், போட்டித் தேர்வின் மதிப்பெண் சிலருக்கு வாய்த்த சமூக, பொருளாதார, பண்பாட்டு அனுகூலங்களைக் காட்டுவதில்லை என்றும், தகுதியைச் சமூகச் சூழலில் வைத்தே பார்க்க வேண்டும் என்றும் கூறியது.

அண்ணல் அம்பேத்கர் 1942 அக்டோபரில் வைசிராயிடம் அளித்த மனுவில், கலையும் சட்டமும் படிப்பதால் பட்டியல் சாதியினருக்குப் பெரும்பயன் விளையாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்கல்வியே அவர்களை உயர்த்தும் என்று வாதிட்டு, அதற்கான உதவித்தொகையைக் கோரினார். சட்டம் படித்த நாம் அதைத் தலைகுனிந்து ஏற்கிறோம். எண்பது ஆண்டுகளுக்குப் பின்னும் இயற்பியல் வகுப்பறையின் கதவருகே நின்று வழக்காடிக்கொண்டிருக்கிறோம். உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்கத் தவறிவிட்டோம்.

ஆகவே நம் கோரிக்கை இது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும், தமிழ்ப் பிள்ளைகளின் சொந்த விடைகளிலிருந்து உருவாக்கப்பட்ட கருத்துச் சோதனை, பெயர் குறிக்காமல் நடத்தப்பட வேண்டும். பள்ளிவாரியான ஈட்டம் மட்டும் வெளியிடப்பட வேண்டும். அதன் பக்கத்திலேயே அப்பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் எத்தனை மாதம் இருந்தார், ஆய்வுக்கூடம் எத்தனை நாள் திறந்தது என்பதும் வெளியிடப்பட வேண்டும். ஈட்டம் குறைந்த பள்ளிக்கு ஆசிரியரும் நிதியும் முதலில் செல்ல வேண்டும். எந்த ஒரு பிள்ளையின் சேர்க்கைக்கோ தேர்ச்சிக்கோ, எந்த ஆசிரியரின் ஊதியத்துக்கோ அந்த எண் பயன்படக் கூடாது. நீட் எதிர்ப்பு இதனால் தளராது. புரிதலை அளப்பதாகச் சொல்லிக்கொள்ளும் நீட் உண்மையில் எதை அளக்கிறது என்பதை நாம் சான்றோடு சொல்ல முடியும்.

அரசு தொடங்கும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கல்லூரியில் இயற்பியல் படிக்கும் தோழர்கள் விடுமுறையில் ஊருக்கு வரும்போது, தம் தெருவின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அந்தச் செங்கல் கேள்வியை வைக்கலாம். எந்த விடையைக் குறித்தார்கள் என்பதோடு, ஏன் குறித்தார்கள் என்று அவர்கள் சொல்வதையும் அவர்கள் சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு கருத்துச் சோதனைக்கு முதல் பக்கம் அதுதான். எழுதியதை எடுத்துக்கொண்டு பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு வாருங்கள். நாமும் உடன் வருகிறோம்.